உழப்பி: மாடே இல்லாத உலகத்தில் சேறடிக்கும் டைனோசர் (ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்)

வெண்ணாற்றான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மிகுபுனைவுத் தொடர் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதையைப் பிறகு பார்க்கலாம். அதில் வரும் விலங்கு நிற்குமா விழுமா என்று முதலில் தெரிய வேண்டும்.

உலகத்தின் பெயர் எண்முகம். மாவாறு என்று ஒரே ஆறு, மலையிலிருந்து இறங்கிக் கடலுக்கு முன்னால் எட்டாகப் பிரிகிறது. எனக்கு ஊர் நீடாமங்கலம் பக்கம். கல்லணைக்குக் கீழே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிவதைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு வேறு மாதிரி ஆறு கற்பனையில் வராது.

அந்த உலகத்தில் மாடு, எருமை, குதிரை கிடையாது. மனிதனை விட்டுவிட்டால் பாலூட்டிகளில் பெரியதே கீரிப்பிள்ளை அளவுதான். டைனோசர்கள் அழியவில்லை. நெல் உண்டு. (இவை எல்லாம் எப்படி ஒரே காலத்தில் என்று கேட்காதீர்கள், அதற்குத்தான் மிகுபுனைவு.)

உழப்பியின் விவரம் இது: இரண்டு காலில் நடக்கும். நீளம் 10 மீட்டர், எடை 5 டன். வாத்து மூக்கு, பல் இல்லை. முதுகில் திமில். முன்கை நீளம், மூன்று நகங்கள். அந்த நகத்தால் சேற்றைக் கிளறி விரால், கெளுத்தி, நண்டு, நத்தை என்று பிடித்துத் தின்னும். வேறு எதுவும் தொடாது. நடவுக்கு முன்னால் வயலில் இறக்கிவிட்டால் மீனைத் தேடித் தேடியே மொத்த வயலையும் சேறாக்கிவிடும், ஏர் வேண்டாம். ஆற்றோரத்தில் முட்டையிடும். கூட்டமாக வாழும். சாது.

இதில் எங்கே உதைக்கிறது?

மூணுபோகம் எழுதியது:

தம்பி, முதல் வரியிலேயே உதைக்கிறது. 5 டன்னை வயலில் இறக்குவேன் என்கிறாயே, எந்த வரப்பு வழியாக இறக்குவாய்?

சேறடிப்பது எதற்கு என்று யோசி. மேல் மண் ஒரு சாணுக்குக் குழம்ப வேண்டும், அதற்குக் கீழே இருக்கும் இறுகிய மண் அப்படியே இருக்க வேண்டும். அந்த இறுக்கம்தான் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிறது. உன் விலங்கு ஒரு தடவை நடந்தால் இடுப்பளவு குழி விழும், அடிமண் உடையும், அந்த வருடம் வயலில் தண்ணீர் நிற்காது. நம் ஊரில் கோயிலுக்குக் கோயில் யானை இருந்திருக்கிறது. ஒருத்தராவது யானையை வைத்துத் தொழி அடித்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறாயா?

மற்றதெல்லாம் எனக்குத் தெரியாது. டைனோசர் பேரனின் துறை. நான் அவன் கணக்கில்தான் இங்கே வாசிக்கவே ஆரம்பித்தேன்.

ராத்திரிவாசகன் எழுதியது:

இடுப்பளவு குழியில் மீன் வளர்த்தால் என்ன ஐயா? இரட்டை வருமானம்.

மூணுபோகம் எழுதியது:

வளர்க்கலாம். நெல்லை உன் வீட்டு மாடியில் நடலாம்.

கல்மரம் எழுதியது:

நான் பெரம்பலூர்க்காரன், சாத்தனூர் கல்மரத்தைப் பார்த்துத்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது, பெயரும் அதனால்தான்.

வெண்ணாற்றான் டெய்னோகைரஸ் என்ற டைனோசரை மனதில் வைத்திருக்கிறார் என்று திமிலையும் வாத்து மூக்கையும் பார்த்ததுமே தெரிகிறது. நல்ல தேர்வு. 1965இல் மங்கோலியாவில் இரண்டு கைகள் மட்டும் கிடைத்தன, ஒவ்வொன்றும் சுமார் 2.4 மீட்டர். இவ்வளவு பெரிய கை எவ்வளவு பயங்கரமான வேட்டை விலங்குடையதோ என்று அரை நூற்றாண்டு கற்பனை ஓடியது. 2014இல் மீதி உடம்பின் விவரம் வந்தபோது பல்லே இல்லாத, திமில் வைத்த, 11 மீட்டர் நீளச் சதுப்பு நில விலங்கு வந்து நின்றது. வயிற்றுப் பகுதியில் மீன் எலும்பும் செதிலும் இருந்தன. கால்விரல் நுனிகள் மழுங்கி அகலமாக இருந்தன, ஈரமண்ணில் புதையாமல் நடக்க உதவியிருக்கலாம் என்கிறார்கள்.

ஆக, சேற்று விலங்கு என்பது சரி. ஆனால் ஐயா சொல்வது போல அதே உருவம் வயலுக்கு ஆகாது. எடையைக் குறைத்துவிட்டு ஒரு கணக்குப் போடுவோம். 700 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரிய எருமையைவிடக் கொஞ்சம் கூட. இரண்டு காலில் நடக்கும் விலங்குக்கு ஒவ்வோர் அடியிலும் முழு எடையும் ஒற்றைக் காலில் இறங்கும். பாதம் 45 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம் என்றால் 1800 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 390 கிராம் வரும். 60 கிலோ ஆள் ஒற்றைக் காலில் நின்றாலும் கிட்டத்தட்ட அதே 300, 400 கிராம்தான். அதாவது நடவாள் எவ்வளவு புதைவாரோ அவ்வளவுதான் உழப்பியும் புதையும். ஒரு சாண் சேறு தானாக வந்துவிடும்.

நத்தைக்குத்தி எழுதியது:

புதைவதைவிடப் பெரிய வேலை காலை வெளியே எடுப்பது. களிமண் வயலில் செருப்பைத் தொலைத்தவர்களுக்குத் தெரியும்.

நான் கோடியக்கரைப் பக்கம் பறவை பார்க்கிறவன். உப்பளத்து ஓரம் பூநாரை நடப்பதை அருகிலிருந்து கவனித்திருக்கிறேன். கால் ஊன்றும்போது விரல்கள் விரியும், சவ்வு முழுக்கச் சேற்றில் படியும். தூக்கும்போது விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து குவிந்து, பாதம் குச்சியாகி மேலே வரும். போன குழியும் வந்த குழியும் ஒரே அளவாக இருக்காது. இதே நடை டைனோசருக்கும் இருந்திருக்கிறது. கிரீன்லாந்தில் டிரையாசிக் காலத்துச் சேற்றில் ஆழமாகப் பதிந்த காலடிகளை இன்றைய பறவைகளின் நடையோடு ஒப்பிட்டு 1999இல் எழுதியிருக்கிறார்கள். விரல் விரிந்து இறங்கி, குவிந்து வெளியே வந்த தடம் கல்லாகவே இருக்கிறது.

அதனால் உழப்பிக்குக் குளம்பு மாதிரி எதுவும் வைக்காதீர்கள். விரித்து மடக்கும் மூன்று விரல் போதும். சேறடிப்பதும் அந்த மடக்கலில்தான் நடக்கும். ஒவ்வோர் அடியிலும் மண் உள்ளே இழுபட்டுப் புரளும். இலைதழையைப் பரப்பிவிட்டு மேலே நடத்தினால் எருக்கு, கொளுஞ்சி எல்லாம் அதுவே மிதித்து அமுக்கிவிடும்.

வெண்ணாற்றான் எழுதியது:

அருமை. 700 கிலோ, மூன்று விரல், எழுதிக்கொண்டேன். ஐயா, 700 கிலோவை உங்கள் வயலில் விடுவீர்களா?

மூணுபோகம் எழுதியது:

விடுவேன். ஆனால் நடவுக்குப் பிறகு அது எங்கே இருக்கும் என்று சொன்னால்தான் விடுவேன். மீன் மட்டும்தான் தின்னும் என்கிறாய். மாசி முடிந்தால் வாய்க்காலில் தண்ணீர் கிடையாது, குளத்தில் முழங்கால் அளவு கிடக்கும். 700 கிலோ வயிற்றுக்கு எத்தனை விரால் பிடித்துப் போடுவாய்?

கல்மரம் எழுதியது:

நானும் அதையே சொல்ல வந்தேன். அது நெல்லைத் தின்னும். தின்னாமல் விடாது.

இதற்கு ஆதாரம் நம் நாட்டிலேயே இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் பிஸ்துரா என்ற இடத்தில் டைனோசர் சாணம் கல்லாகிக் கிடக்கிறது. கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிப் பகுதி. அதைப் பொடித்துப் பார்த்தபோது புல்லின் சிலிக்காத் துகள்கள் கிடைத்தன, 2005இல் வெளியானது. டைனோசர் காலத்தில் புல்லே கிடையாது என்று அதுவரை பாடப் புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது. 2011இல் வந்த அடுத்த ஆய்வில் அந்தப் புற்களில் சில நெல்லின் கிளைக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று காட்டினார்கள். தக்காணத்தில் மேய்ந்த நீள்கழுத்து டைனோசர்கள் நெல்லின் தாயாதிகளைத் தின்றிருக்கின்றன!

உங்கள் எண்முகத்தில் நெல்லும் டைனோசரும் ஒன்றாக இருப்பது நீங்கள் நினைப்பதைவிட நியாயமான கற்பனை. ஆகவே உழப்பி கோடையில் புல்லும் கோரையும், தண்ணீர்க் காலத்தில் மீனும் நத்தையும் என்று எல்லாம் தின்னட்டும். சூல்கட்டிய பயிருக்குப் பக்கத்தில் மட்டும் போகக் கூடாது. அதற்கு வாய்க்கூடு போடுங்கள், களத்து மாட்டுக்குப் போட்ட மாதிரி.

ஆனால் ஒன்று. பல் இல்லாமல் புல்லை எப்படி அரைக்கும்? டெய்னோகைரஸின் வயிற்றில் மீனோடு கூட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்கள் இருந்தன. கோழி மணலைக் கொத்துகிறதே, அதே வேலைதான். தீக்கோழி தன் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு கல்லை வயிற்றில் வைத்திருக்கும். 700 கிலோ உழப்பிக்கு 7 கிலோ கல் வேண்டும். தேய்ந்து தேய்ந்து சாணத்தில் போகும், திரும்பத் திரும்ப விழுங்க வேண்டும்.

மூணுபோகம் எழுதியது:

கல்லா? இங்கேயா?

தம்பி, மன்னார்குடியிலிருந்து கடல் வரைக்கும் நடந்து போ. காக்காயை விரட்ட ஒரு கல் பொறுக்க முடியாது. எல்லாம் வண்டல். பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. அம்மி, ஆட்டுக்கல் கொத்துகிறவர்கள்கூட வெளியூரிலிருந்துதான் வருவார்கள். செங்கல் ஜல்லி வேண்டுமானால் உண்டு.

ராத்திரிவாசகன் எழுதியது:

இழை சூடு பிடிக்கிறது. டீ போட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

வெண்ணாற்றான் எழுதியது:

ஐயா, நீங்கள் என் கதையைக் கொடுத்துவிட்டீர்கள்!

இதுவரை மேட்டுநாட்டுக்கும் கீழ்நாட்டுக்கும் சண்டை தண்ணீரால் என்றுதான் வைத்திருந்தேன். அதை எல்லோரும் எழுதியாயிற்று, தினத்தாளிலும் படித்தாயிற்று. கல்லால் சண்டை என்றால்? கீழ்நாட்டில் உழப்பி இல்லாமல் உழவு இல்லை, கல் இல்லாமல் உழப்பி இல்லை, கல் மேட்டுநாட்டில் மட்டும்தான் இருக்கிறது. மேலே உப்பு போகும், கீழே கல் வரும். சங்க காலத்து உமணர் உப்பு வண்டியோட்டி நெல் வாங்கினார்களே, அந்த மாதிரி ஒரு கூட்டம் படகில் உப்பேற்றிப் போய்க் கூழாங்கல் ஏற்றி வரும்.

கல்மரம் எழுதியது:

எந்தக் கல் என்பதையும் சேர்த்துத் தீர்மானியுங்கள். எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லை விழுங்கினால் வயிற்று அமிலத்தில் கரைந்துவிடும். கிளிஞ்சலும் அப்படியே. செங்கல் சீக்கிரம் மாவாகும். வெங்கச்சங்கல்தான் (குவார்ட்ஸ்) தாங்கும், அதுவும் ஆற்றில் உருண்டு முனை மழுங்கியதாக இருக்க வேண்டும், உடைத்த கல் குடலைக் கிழிக்கும். ஆக, மலையில் சுரங்கம் வெட்டி எடுக்கிற பொருள் இல்லை இது. ஆற்றின் மேல்பாகத்துப் படுகையில் பொறுக்க வேண்டியது. வெள்ளம் நன்றாக வந்த வருடம் புதுக் கல் புரண்டு வரும், வராத வருடம் விலை ஏறும்.

போலிக் கல் விற்பவனும் இருப்பான். சுண்ணாம்புக்கல்லை உருட்டி வெங்கச்சங்கல் என்று தள்ளிவிட்டால் கொஞ்ச நாளில் உழப்பி இளைக்க ஆரம்பிக்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும், அப்படிச் சோதிக்கலாம்.

அலையாத்தி எழுதியது:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். முத்துப்பேட்டைக்காரி.

உழப்பி செத்தால் வயிற்றில் இருக்கும் 7 கிலோ கல் யாருக்கு?

கல் அவ்வளவு அரிய பொருள் என்றால் அதை மண்ணோடு புதைக்கவா போகிறார்கள்? அறுத்து எடுப்பார்கள். கழுவுவார்கள். மகளுக்குச் சீராகக் கொடுப்பார்கள், பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி அடித்துக்கொள்வார்கள். மூன்று தலைமுறை உழப்பிகளின் வயிற்றில் கிடந்து பளபளக்கும் கல் ஒரு வீட்டின் பெருமையாக இருக்கும். அது சரி. ஆனால் அழுகும் உடம்பைத் திறந்து கையை விட்டு எடுக்கிறவர் யார்? அந்த வேலையை யார் தலையில் கட்டியிருக்கிறீர்கள்? எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் கல்லைத் தொடலாமா கூடாதா? உங்கள் உலகத்தில் மாடு இல்லாமல் போனதால் இந்தக் கேள்வியும் இல்லாமல் போய்விடுமா?

கீழத்தஞ்சை மண்ணிலிருந்து எழுதுகிறவர் இதைத் தாண்டிப் போகக் கூடாது என்பது என் கருத்து. உழப்பி சாது, கூட்டம் அழகு என்று எழுதிவிட்டு, அதன் பின்னால் மண்வெட்டியோடு நடக்கிற ஆளை விட்டுவிட்டால் அது சுற்றுலாத் துண்டறிக்கை.

வெண்ணாற்றான் எழுதியது:

அக்கா, சரியான அடி. கல்லெடுப்பவர் என்று ஒரு பாத்திரம் எழுதத் தோன்றுகிறது. எந்தக் கல் எந்த வீட்டு உழப்பியிலிருந்து வந்தது என்று அவருக்குத்தான் தெரியும். சீர் பொய்யா மெய்யா என்று சொல்ல அவரை விட்டால் ஆள் இல்லை. ஆனால் பஞ்சாயத்தில் உட்கார இடமில்லை.

அலையாத்தி எழுதியது:

எழுதுங்கள். அவரை நல்லவராக மட்டும் எழுதாதீர்கள். ஒன்றிரண்டு கல்லை மடியில் போடட்டும்.

புதுஆள்7 எழுதியது:

உள்ளூர் டைனோசர் ஏற்கெனவே இருக்கும்போது எதற்கு மங்கோலியா? அரியலூரில் உலகத்திலேயே பெரிய டைனோசர் கிடைத்ததே? குன்னத்தில் முட்டைகூடக் கிடைத்ததே?

கல்மரம் எழுதியது:

முட்டைக் கதையை முடித்துவிடுவோம். 2020இல் குன்னத்தில் குளம் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கிடைத்தது, கைப்பேசி எல்லாம் டைனோசர் முட்டை என்று பரவியது. அவை அம்மோனைட் என்ற கடல் உயிரைச் சுற்றி இறுகிய கல் உருண்டைகள். எங்கள் பகுதி அந்தக் காலத்தில் பெரும்பாலும் கடலடி.

பெரிய டைனோசர் என்பது பிருகத்காயசாரஸ். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டுப் பாறைப் படிவத்தில் கிடைத்து 1980களில் பெயர் வைத்தது. முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் என்று பதிவு. ஆனால் எலும்பு எல்லாம் ஈரத்தில் ஊறி உதிர்ந்து போயிற்று, மிஞ்சியது படங்களும் ஓவியமும்தான். அதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. உழப்பிக்கு அதைவிட உதவும் செய்தி ஒன்று உண்டு. அதே கல்லமேட்டில் ட்ரூடோன்டிட் என்ற சிறிய, பறவைக்கு நெருங்கிய இனத்தின் பல் ஒன்று கிடைத்து 2013இல் வெளியானது. முட்டைக்கு மேல் உட்கார்ந்து அடைகாத்த கூட்டம் அது. முட்டையைப் பற்றி இன்னும் பேசவே இல்லையே நாம்?

நத்தைக்குத்தி எழுதியது:

ஆமாம், ஆற்றோரத்தில் முட்டையிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எந்த மாதத்தில்?

கொள்ளிடத்து முதலையைப் பாருங்கள். கோடையில் கரையில் குழி தோண்டி முட்டையிடும், மழைக்கு முன்னால் குஞ்சு வெளியே வந்துவிடும். நாகப்பட்டினம் கடற்கரையில் பங்குனி ஆமையும் அப்படித்தான், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகுதான் மணலுக்கு ஏறும். நத்தை குத்தி நாரை மரத்தில் கட்டுவதால் அதற்குக் கவலை இல்லை. தரையில் கூடு வைக்கிற எதுவும் டெல்டாவில் தண்ணீருக்குப் பயந்துதான் நாள் பார்க்க வேண்டும்.

இதில் டைனோசருக்கு ஒரு கூடுதல் சிக்கல். அடைகாலம் நீளம். கருவின் பல்லில் தினமும் படியும் வளையங்களை எண்ணி 2017இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஆட்டளவு இருந்த புரோட்டோசெராடாப்ஸுக்குச் சுமார் 3 மாதம், பெரிய ஹைபக்ரோசாரஸுக்கு ஏறக்குறைய 6 மாதம். உழப்பியை நடுவில் வைத்தாலும் நாலரை, ஐந்து மாதம். அறுவடை முடிந்து மாசிக் கடைசியில் இட்டால் ஆடியில்தான் பொரியும்.

மூணுபோகம் எழுதியது:

நமக்கு மேட்டூர் திறப்பது ஜூன் 12. வைகாசிக் கடைசி. கடைமடைக்கு வந்து சேர ஆனி ஆகிவிடும். உன் முட்டை எல்லாம் கூழ்.

வெண்ணாற்றான் எழுதியது:

எண்முகத்தில் அணை இல்லை ஐயா, மேட்டுநாட்டில் மரக் கதவு வைத்த கலிங்கு மட்டும்தான். ஆனால் கதவு இருக்கிறது, திறப்பவன் இருக்கிறான். இதையும் பிடித்துக்கொள்கிறேன். ஆடி பொரிப்புக்கு முன்னால் கதவைத் திறக்கக் கூடாது என்று பழைய உடன்படிக்கை. மேட்டுநாட்டுக்குக் குறுவை சீக்கிரம் வேண்டும், கீழ்நாட்டுக்கு முட்டை பொரிய வேண்டும்.

நத்தைக்குத்தி எழுதியது:

அப்படியானால் ஆற்றோரம் வேண்டாம், திட்டில் வையுங்கள். கொள்ளிடத்துக்குள் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு என்று ஊர்கள் இருக்கின்றன. பெரிய வெள்ளத்தில் அவற்றையும் தண்ணீர் சுற்றிக்கொள்ளும், ஆனால் சாதாரண வருடத்தில் மேடுதான். உழப்பி வருடா வருடம் அதே திட்டுக்கு வந்து, பழைய கூட்டின் மேலேயே மண்ணும் கோரையும் குவித்து முட்டையிட்டால் திட்டு உயர்ந்துகொண்டே போகும். மனிதர்கள் குடிசை போட்டதும் அங்கேதான் இருக்கும். ஊர் எல்லாம் பழைய கூடுகளின் மேல்.

கிடைக்காரன் எழுதியது:

எங்கள் குடும்பம் ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள். தஞ்சைக்கு ஆடு ஓட்டி வருவோம், இப்போதும் அண்ணன் வருகிறார். இந்த இழையில் சாணத்தைப் பற்றி யாரும் சரியாகப் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

தாளடி அறுத்த பிறகு தரிசில் ஆடு மேயும், ராத்திரி பட்டி போட்டு அதே வயலில் அடைப்போம். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு, கிடைக்கூலி எங்களுக்கு. முன்பெல்லாம் நெல்லாகவே அளப்பார்கள். உழப்பிக்கும் இதே முறை பொருந்தும். ஆனால் ஆடு வேறு, பறவை இனம் வேறு. உழப்பியின் எச்சம் வெள்ளையும் பச்சையுமாகக் களியாக விழும், மூத்திரம் தனியாக இருக்காது. கோழி எரு பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும், பச்சையாகப் போட்டால் சூடு தாங்காமல் பயிர் கருகும். 700 கிலோ விலங்கு ஒரே இடத்தில் இரண்டு ராத்திரி படுத்தால் அந்த வட்டத்தில் அடுத்த போகம் எதுவும் முளைக்காது. அதனால் உழப்பிக் கிடையைத் தினம் நகர்த்த வேண்டும், முதல் தண்ணீர் விட்டு வடித்த பிறகுதான் நாற்று.

இன்னொன்று. எச்சத்தில் தேய்ந்த சின்னக் கல் விழும் என்றார் கல்மரம். கிடை போட்ட வயலில் விடியற்காலை முதலில் இறங்குவது யார்? மேய்க்கிறவனா, வயலுக்குச் சொந்தக்காரனா? எங்கள் ஆட்களாக இருந்தால் இருட்டிலேயே சல்லடையோடு இறங்கியிருப்பார்கள். கிடைக்கூலி பேசும்போதே 'கல் யாருக்கு' என்றும் பேசிவிடுவார்கள்.

மூணுபோகம் எழுதியது:

கல் வயலுக்குத்தான். என் வயலில் விழுந்தது என்னுடையது.

கிடைக்காரன் எழுதியது:

ஐயா, அது எங்கள் உழப்பியின் வயிற்றில் இருந்த கல். புழுக்கையை விலைக்கு விற்றோம், கல்லை விற்கவில்லை.

ராத்திரிவாசகன் எழுதியது:

இல்லாத விலங்கின் இல்லாத கல்லுக்கு இருக்கிற இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள்.

நெறியாளர் எழுதியது:

சண்டை இழைக்குள்தான் இருக்கிறது, அனுமதிக்கிறேன். அரசியல் பக்கம் மட்டும் போகாதீர்கள். மேட்டூர் பற்றி நீக்கிய இரண்டு பதிவுகள் அந்தக் காரணத்துக்காக.

வெண்ணாற்றான் எழுதியது:

எல்லாவற்றையும் சேர்த்து மாற்றி எழுதியிருக்கிறேன். முதல் பதிவைத் திருத்தவில்லை, புதிதாக வருகிறவர்களுக்கு எங்கே ஆரம்பித்தோம் என்று தெரியட்டும்.

உழப்பி. நின்றால் இடுப்பு ஆள் உயரம், எடை 700 கிலோ. மூன்று விரல், விரிந்து இறங்கிக் குவிந்து ஏறும் பாதம். தண்ணீர்க் காலத்தில் மீன், நண்டு, நத்தை. கோடையில் கோரை, புல், நெல் தாள். பல் கிடையாது, வயிற்றுக்கல் உண்டு. கல் குறைந்தால் முதலில் சாணத்தில் முழுக் கோரை வரும், அப்புறம் திமில் சரியும். மாசிக் கடைசியில் திட்டுகளுக்கு ஏறும். பெட்டை கூட்டில் உட்காரும், கடா தண்ணீர் ஓரம் நின்று முதலையைப் பார்க்கும். அந்த நாட்களில் மட்டும் சாது இல்லை, யாரும் திட்டில் கால் வைக்க முடியாது. திட்டில் குடியிருப்பவர்கள் மாசியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு தரிசுக்கு இறங்கிக் கொட்டகை போடுவார்கள், ஆடியில் திரும்புவார்கள். உளுந்து விதைப்பு, கல்யாணம், பஞ்சாயத்து எல்லாம் கொட்டகையில் இருக்கும்போதுதான்.

கல் உரிமை: கிடையில் விழும் கல்லில் பாதி மேய்ப்பவருக்கு, பாதி வயலுக்கு. செத்த உழப்பியின் கல் வளர்த்த வீட்டுக்கு, ஒரு பிடி கல்லெடுப்பவருக்கு. அந்த 'ஒரு பிடி' யாருடைய கையளவு என்பதில்தான் கதை ஆரம்பிக்கிறது.

அலையாத்தி எழுதியது:

ஒரு பிடி நன்றாக இருக்கிறது. கல்லெடுப்பவர் பெண்ணாக இருந்தால் பிடி சின்னது என்று பஞ்சாயத்தில் சொல்வார்கள், பையனைக் கூட்டி வந்து அளக்கச் சொல்வாள். இலவச யோசனை, எடுத்துக்கொள்ளுங்கள்.

கடல் முகம் எப்படி? எட்டு முகத்திலும் அலையாத்திக் காடு இருக்குமே. எகிப்தில் பாராலிட்டைட்டன் என்ற பெரிய டைனோசர் அலையாத்திக் காட்டு மண்ணில்தான் கிடைத்தது, 2001இல் பெயர் வைத்தார்கள். உழப்பிக்கு உப்புத் தண்ணீர் ஆகுமா?

நத்தைக்குத்தி எழுதியது:

ஆகும். கடல் பறவைகளுக்குக் கண்ணுக்கு மேலே உப்புச் சுரப்பி இருக்கிறது, மிகை உப்பு மூக்கு வழியாகச் சொட்டும். உழப்பியில் கடலோர வகைக்கு மட்டும் அதை வையுங்கள். உள்நாட்டு உழப்பியும் கடலோர உழப்பியும் பக்கத்தில் நின்றால் மூக்கு நுனியில் வெள்ளை படிந்திருப்பதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். சந்தையில் ஏமாற்ற முடியாது.

கிடைக்காரன் எழுதியது:

ஏமாற்றலாம். துடைத்துவிட்டு ஓட்டி வருவான்.

மூணுபோகம் எழுதியது:

தம்பி, எல்லாம் சரி. வாய்க்கூடு போட்ட விலங்கு வயலில் நத்தையை எப்படிப் பிடிக்கும்? சேறடிக்கும்போது கூடு வேண்டாம், அப்போது வயலில் பயிர் இல்லை. பயிர் இருக்கும்போது வரப்பில் ஓட்டிப் போகிறபோதுதான் கூடு. வரப்பை ஒன்றரை அடி வைக்காதே, உழப்பி போகிற ஊரில் நாலடி வேண்டும். நாலடி வரப்புக்கு யார் நிலத்தை விடுவார்கள் என்று பக்கத்து வயல்காரனைக் கேட்டுப் பார். உன் கலிங்குச் சண்டையைவிட அது பெரிதாக வரும்.

வெண்ணாற்றான் எழுதியது:

இரண்டாம் அத்தியாயத்தில் வரப்புச் சண்டை, முடிவாகிவிட்டது ஐயா. வரைபடத்தை ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன். திட்டு எங்கே, கிடை போகிற பாதை எங்கே, கல் இறங்குகிற துறை எங்கே என்று குறித்திருக்கிறேன். கல்மரம், கூழாங்கல் எந்த இடத்துக்குக் கீழே கிடைக்காது என்று ஆற்றில் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள்.

கல்மரம் எழுதியது:

ஆறு மலையை விட்டுச் சமவெளியில் இறங்கி, சரிவு குறைகிற இடத்தில் போடுங்கள். வேகம் குறைந்ததும் பெரிய கல்லை முதலில் விட்டுவிடும், பிறகு சரளை, பிறகு மணல். எட்டாகப் பிரிகிற இடத்துக்கு வரும்போது வண்டலும் மணலும்தான் மிஞ்சும். உங்கள் கலிங்கும் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால் தண்ணீரும் கல்லும் ஒரே ஆள் கையில் இருக்கும். கீழே வைத்தால் இரண்டு பேர். எனக்கு இரண்டு பேர்தான் பிடிக்கும், பேரம் பேச இடம் இருக்கும்.